நியமித்த அபேட்சகரை நீக்கக் கூடுமோ?

அரசியற் கட்சியொன்று தன் அபேட்சகராக ஒருவரை நியமித்து ஊரறியச் சாற்றிய பின்னர், அவர்மீது பெரும்பழியொன்று எழுமாயின், தேர்தலுக்கு முன்னரே அவரை விலக்கி வேறொருவரை அவ்விடத்தில் நிறுத்தல் கூடுமோ என்று நமது சங்கத்து அன்பர் சிலர் நம்மை வினவியதுண்டு. வினா சிறிது, விடை அத்துணைச் சிறிதன்று. பந்தற்கால் நட்டு, முகூர்த்தப் பத்திரிகையும் அச்சிட்டு உறவின்முறையார்க்கெல்லாம் வழங்கிய பிறகு, மணமகனைப் பற்றி வேண்டாத செய்தியொன்று செவிக்கு எட்டினால் பெண்வீட்டார் எத்துணைத் தவிப்பு எய்துவர் என்பதை நம் குடும்பங்களில் அறியாதார் இலர். அத்தவிப்பை அமெரிக்க ஐக்கிய நாட்டின் பெருங்கட்சிகள் இரண்டும் பலமுறை அனுபவித்திருக்கின்றன. அந்நாட்டுச் சரித்திரத்தினின்றும் சில நிகழ்ச்சிகளை எடுத்து இவ்வினாவை ஆராய முற்படுகின்றோம்.

முதற்கண் ஒன்று சொல்லுதல் வேண்டும். 1789 முதல் நடைமுறையிலுள்ள அந்நாட்டு அரசியற் சட்டத்தில் கட்சி என்னும் சொல்லே இல்லை. ஜனாதிபதியை ஜனங்கள் நேரே தெரிந்தெடுப்பதும் இல்லை. ஒவ்வொரு மாகாணத்திலும் ஜனங்கள் தேர்வாளர் என்பாரைத் தெரிந்தெடுக்கின்றனர். அத்தேர்வாளர் பின்னர்த் தத்தம் மாகாணத்தில் கூடி ஜனாதிபதிக்கு வாக்களிக்கின்றனர். இன்று அவர் தொகை 538. வெற்றிக்கு வேண்டுவது 270. ஆதலால் இன்னாரைக் கட்சியின் அபேட்சகர் என்று நிறுத்துவதும் விலக்குவதும் கட்சியின் வீட்டு விவகாரமாகவே முதலிற் கருதப்பட்டு வந்தன. குடியரசுக் கட்சியின் விதிகளில் 9-ஆவது விதி, மகாநாடு நியமித்த அபேட்சகர் மரணத்தாலோ, தாமே மறுத்தலாலோ, அல்லது பிறவாறோ இடம் காலியாகுமாயின், அதனைத் தேசியக் கமிட்டி நிரப்பலாம் என்கிறது. ஜனநாயகக் கட்சியிலும் காலியிடத்தை நிரப்பும் அதிகாரம் தேசியக் கமிட்டிக்கே உரியது. ஆகவே காலியான இடத்தை நிரப்புதற்கு வழி உண்டு, இதில் ஐயமில்லை. காலியாகாத இடத்தைக் காலியாக்குதற்கு வழி உண்டோ? வினாவின் உயிர்நிலை இங்கேயே உள்ளது.

இதனை விளக்குதற்கு 1864-ஆம் ஆண்டினும் சிறந்த ஆண்டு பிறிதில்லை. உள்நாட்டுப் போர் நான்காம் ஆண்டாக நடைபெற்றுக்கொண்டிருந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பால்டிமோர் நகரில் கூடிய மகாநாடு, ஆப்ரகாம் லிங்கனை மீண்டும் ஜனாதிபதி அபேட்சகராக நியமித்தது. தம்மை வாழ்த்த வந்தோரிடம் அவர், தாம் நாட்டிற் சிறந்த மனிதர் என்பதனாலன்று, ஆற்றைக் கடக்கும்போது நடுவே குதிரையை மாற்றுதல் நன்றன்று என்பதனாலேயே தம்மைத் தெரிந்தனர் போலும் என்னும் கருத்துப்படப் பேசினார். அதன்பின் இரண்டு திங்களும் கழியவில்லை. குதிரையை மாற்றியே தீரவேண்டும் என்ற கூக்குரல் அவர் கட்சியினுள்ளேயே எழுந்தது. வர்ஜீனியாவில் வடபடையினர் ஆயிரமாயிரமாக மடிந்துகொண்டிருந்தனர். வெற்றியோ கண்ணுக்கெட்டிய தூரத்திலும் தென்படவில்லை. நியூயார்க்கு டிரிப்யூன் பத்திரிகாசிரியர் ஹாரேஸ் கிரீலி, லிங்கன் தோற்றுவிட்டதாகவே கொள்ளவேண்டும், வேறு அபேட்சகர் வேண்டும் என்று எழுதினார். செப்டம்பர் 28-இல் சின்சினாட்டி நகரில் புதிய மகாநாடொன்று கூட்டுதற்கு அழைப்பும் சித்தமாயிற்று. தேசியக் கமிட்டியின் தலைவரும் நியூயார்க்கு டைம்ஸ் ஆசிரியருமான ஹென்றி ரேமாண்டு என்பவரே, ஆகஸ்டு 22-ஆம் தேதி லிங்கனுக்குக் கடிதம் எழுதி, வெள்ளம் நமக்கு எதிராகவே ஓடுகின்றது என்று அறிவித்தார்.

மறுநாள், 23-ஆம் தேதி, லிங்கன் செய்தது யாது? தாம் மறுபடி தெரிந்தெடுக்கப்படமாட்டார் என்பதே பெரும்பாலும் உறுதி என்றும், அங்ஙனமாயின் புதிய ஜனாதிபதி பதவியேற்குமுன் அவரோடு ஒத்துழைத்து நாட்டின் ஒற்றுமையைக் காப்பது தம் கடமை என்றும் சில வரிகள் எழுதினார்; தாளை மடித்து மூடினார்; மந்திரிகள் உள்ளிருப்பதைப் படிக்காமலே அதன் புறத்தில் கையொப்பமிட்டனர். தோல்வியை அவ்வளவு தெளிவாகக் கண்ட அவர், விலகுகின்றேன் என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. இதனை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அவரை நீக்க விரும்பினோரிடம் பத்திரிகை இருந்தது, செல்வாக்கு இருந்தது; அவரை விலக்கும் அதிகாரம் மட்டும் எவரிடத்தும் இல்லை. அவரே விலகினாலன்றி வேறொரு மகாநாடு கூட்டுவது கட்சியை இரண்டாகப் பிளப்பதே ஆகும். செப்டம்பர் 2-ஆம் தேதி தளபதி ஷெர்மன் படைகள் அட்லாண்டா நகரைக் கைப்பற்றின. சின்சினாட்டிக் கூட்டம் கூடாமலே கலைந்தது. தனித்து நின்ற பிரீமான்டும் அம்மாதத்திலேயே விலகிக்கொண்டார். நவம்பரில் லிங்கன் பெற்ற தேர்வாளர் வாக்கு 212. எதிர்த்தவர் பெற்றது 21. அன்று கட்சி தன் எண்ணப்படி அவரை நீக்க வல்லதாயிருந்திருப்பின் சரித்திரம் என்னாயிருக்கும் என்று எண்ணும்போது நமக்கு மெய்சிலிர்க்கின்றது.

அந்தக் கிரீலியே எட்டாண்டுக்குப் பின் ஜனநாயகக் கட்சியின் ஆதரவோடு தாமே அபேட்சகராக நின்றார்; 1872 நவம்பர் 5-இல் தோற்றார்; தேர்வாளர் கூடுமுன், நவம்பர் 29-ஆம் தேதி, இறந்தும் போனார். அவர்க்குரிய 66 தேர்வாளரில் 63 பேர் நால்வர்க்குப் பிரித்து வாக்களித்தனர். ஜார்ஜியா மாகாணத்தார் மூவர் மாண்டவர்க்கே அளித்தனர். அம்மூன்று வாக்குகளையும் காங்கிரஸ் எண்ண மறுத்தது. 1912-லோ உப ஜனாதிபதி ஷெர்மன் (முற்கூறிய தளபதி வேறு) தேர்தலுக்கு ஆறு நாள் முன்னர் அக்டோபர் 30-இல் காலமானார். சீட்டுகளெல்லாம் அச்சாகிவிட்டமையால் அவர் பெயரோடே தேர்தல் நடந்தது. கட்சிக்குக் கிட்டிய எட்டுத் தேர்வாளர், பின்னர்த் தேசியக் கமிட்டி சொற்படி, கொலம்பியா பல்கலைக்கழகத் தலைவர் பட்லருக்கு வாக்களித்தனர். கூற்றுவன் ஏற்படுத்திய வெற்றிடத்தில் வழக்கு எழுவதில்லை. உயிரோடிருப்பவர் திறத்திலேதான் தொல்லை.

நிற்க. 1952-ஆம் ஆண்டு நிகழ்ச்சி சுவை மிக்கது. தளபதி ஐஸன்ஹோவர் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி அபேட்சகர். முப்பத்தொன்பது வயதினரான செனட்டர் ரிச்சர்டு நிக்ஸன் உப ஜனாதிபதி அபேட்சகர். நிக்ஸனுடைய அரசியற் செலவுகளுக்கென்று செல்வர் சிலர் பதினெண்ணாயிரம் டாலருக்குச் சற்று மேற்பட்ட தொகையைத் திரட்டி வைத்திருந்தனர் என்று செப்டம்பர் 18-ஆம் தேதி நியூயார்க்கு போஸ்டு பத்திரிகை வெளியிட்டது. ஊழலை ஒழிப்போம் என்று ஊரூராகச் சென்று முழங்கிய கட்சிக்கு இதனினும் பெரிய சங்கடம் வேண்டுமோ? எதிர்க்கட்சியினர் கூவினர் என்றால் வியப்பில்லை. குடியரசுக் கட்சிக்கு வேண்டிய பத்திரிகைகளே அவர் விலகவேண்டும் என்று எழுதின. தளபதியோ, போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நிக்ஸன் தாமே புரிந்துகொண்டு விலகுவார் என்று சூழ்ந்திருந்தோர் காத்திருந்தனர்.

செப்டம்பர் 23-ஆம் தேதி இரவு நிக்ஸன் தொலைக்காட்சியில் நாட்டு மக்கள்முன் தோன்றினார். அதற்குச் சற்று முன்னர், பேச்சின் முடிவில் ராஜீனாமா செய்துவிடுவதே நலம் என்பது தளபதியைச் சூழ்ந்தோர் கருத்து என்று நியூயார்க்கு கவர்னர் டூயி தொலைபேசியில் அவர்க்குச் சொல்லியிருந்தார். நிக்ஸன் தம் வீட்டுக் கடன், மனைவியின் எளிய மேலங்கி, தம் பெண்மக்களுக்கு எவரோ பரிசளித்த செக்கர்ஸ் என்னும் நாய்க்குட்டி எல்லாவற்றையும் எடுத்துரைத்தார். ஜனங்கள் நாய்க்குட்டியையே இன்றளவும் நினைவு கூர்கின்றனர். நமக்கோ அப்பேச்சின் இறுதிப் பகுதியே முக்கியமாகத் தோன்றுகின்றது. யான் நிற்பதோ விலகுவதோ தேசியக் கமிட்டியின் முடிவு. உங்கள் கருத்தை அக்கமிட்டிக்கே தெரிவியுங்கள் என்று அவர் வேண்டிக்கொண்டார். தளபதியின் கையிலிருந்த தராசை ஒரே வாக்கியத்தில் வாங்கிக் கமிட்டியின் கையிற் கொடுத்துவிட்டார்! தந்திகளும் கடிதங்களும் மூட்டை மூட்டையாகக் குவிந்தன. ஏறக்குறைய எல்லாம் அவர் பக்கமே. மறுநாள் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள வீலிங் நகரில் தளபதி அவரை எதிர்கொண்டு, நீ என் பிள்ளை என்று அணைத்துக்கொண்டார். தமது இடத்தைத் தாமே விட்டாலன்றி அது காலியாகாது என்பதை வயது முதிர்ந்தோர் பலரினும் அவ்விளைஞர் நன்கறிந்திருந்தார்.

இருபதாண்டு கழித்து, அதே நிக்ஸனை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியில் இதற்கு மாறான காட்சியைக் காண்கின்றோம். 1972 ஜூலை 13-ஆம் தேதி மயாமி கடற்கரையில் கூடிய மகாநாட்டில் ஜனாதிபதி அபேட்சகர் மக்கவர்ன், மிசௌரி செனட்டர் தாமஸ் ஈகிள்டனை உப ஜனாதிபதி அபேட்சகராகத் தெரிந்தார். பலர் மறுத்தபின் கடைசி நேரத்தில் நடந்த அவசரத் தேர்வு அது. நன்கு விசாரிக்கவும் பொழுதில்லை. ஈகிள்டன் மனச்சோர்வு நோயால் 1960, 1964, 1966 ஆகிய ஆண்டுகளில் மருத்துவமனையில் இருந்ததும், அவற்றுள் இரு முறை மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றதும் பின்னரே தெரியவந்தன. ஜூலை 25-இல் அவரே அவற்றைப் பத்திரிகையாளரிடம் ஒப்புக்கொண்டார். மக்கவர்ன் தாம் அவரை ஆயிரம் சதவீதம் ஆதரிப்பதாகச் சொன்னார். ஒரு வாரம் ஆகுமுன் அந்த ஆயிரமும் கரைந்தது. குடித்து வண்டி ஓட்டிப் பலமுறை பிடிபட்டார் என்று பத்திரிகையாளர் ஒருவர் அவர்மீது சுமத்திய பொய்ப்பழியும் இடையே பரவியது; பின்னர் அது திரும்பப் பெறப்பட்டது. ஜூலை 31-இல், நியமனமாகிய பதினெட்டாம் நாள், ஈகிள்டன் மக்கவர்னின் விருப்பத்துக்கு இணங்கித் தாமே விலகினார்.

கவனிக்க: கட்சி அவரை நீக்கவில்லை. அவர் மறுத்திருப்பின் என் செய்வது என்பதற்குத் தெளிவான விதி எதுவும் அவர்கள் கையில் இல்லை. விலகியபின்னும் மக்கவர்ன் எட்வர்டு கென்னடி முதலிய பெரியோர் பலரிடம் வேண்டி மறுப்புப் பெற்று, இறுதியில் சார்ஜண்ட் ஷ்ரைவரைக் கண்டார். ஆகஸ்டு 8-ஆம் தேதி தேசியக் கமிட்டி வாஷிங்டனில் கூடி அவரை முறைப்படி நியமித்தது. விதிகளெல்லாம் செவ்வனே நடந்தன, பயன் யாது? நவம்பரில் மக்கவர்னுக்குக் கிட்டியவை மாசசூசெட்ஸ் மாகாணமும் தலைநகரும் மட்டுமே; 17 வாக்குகள். நிக்ஸன் பெற்றவை 520. இப்பெருந்தோல்விக்கு ஈகிள்டன் விவகாரம் ஒன்றே காரணம் என்பார் கூற்றை நாம் ஏற்பதில்லை. ஆயினும், மாற்றியதனால் கட்சிக்கு நேர்ந்த இழிவு மாற்றாமையால் நேர்ந்திருக்கக்கூடியதினும் சிறிதென்று துணிந்து சொல்லவும் நமக்கு இயலவில்லை. விலக்கப்பட்ட ஈகிள்டனையோ மிசௌரி மக்கள் 1974-லும் 1980-லும் மீண்டும் செனட் சபைக்கு அனுப்பினர். நோயைக் குற்றமாக எண்ணாத அம்மக்களைப் பாராட்டுகின்றோம்.

இதுகாறும் கூறியன கட்சியின் வீட்டுக்குள் நடந்தவை. இனி வீட்டுக்கு வெளியே நிற்கும் காவலாளன் ஒருவன் உளன்; அவனே மாகாணத்துத் தேர்தற் சட்டம். இன்ன நாளுக்குமேல் சீட்டில் பெயரை மாற்றலாகாது என்று ஒவ்வொரு மாகாணமும் வெவ்வேறாக விதித்துள்ளது. 2002-ஆம் ஆண்டு நியூஜெர்சி செனட்டர் டாரிசெல்லி, பரிசுகள் பெற்றமைக்காகச் செனட் ஒழுக்கக் கமிட்டியின் கடுங்கண்டனத்துக்கு ஆளாகி, தோல்வி நெருங்குவது கண்டு செப்டம்பர் 30-இல் போட்டியினின்றும் விலகினார். தேர்தலுக்கு எஞ்சியவை 36 நாட்கள். சட்டமோ 51 நாட்களுக்கு முன்னரே மாற்றவேண்டும் என்றது. ஆயினும் அம்மாகாணத்து உயர்ந்த நியாயஸ்தலம் இரண்டே நாளில், வாக்காளர்க்கு இரு கட்சியினரிடையே தெரிவு இருத்தலே சட்டத்தின் நோக்கம் என்று கூறி, ஒருமனதாக மாற்றத்துக்கு இணங்கியது. புதிதாக அச்சிடும் செலவைக் கட்சியே ஏற்க என்றது. பழைய செனட்டர் லாட்டன்பர்க் நின்று வென்றார். இத்தீர்ப்பு நமக்கு முழுதும் உவப்பன்று. தோற்கப் போகின்றோம் என்று தெரிந்து விலகுவோர்க்கெல்லாம் 51 என்பது 36 ஆகுமாயின், சட்டத்தில் எண் எதற்கு?

டெக்ஸாஸ் விவகாரத்தில் இதற்கு நேர் எதிரான முடிவு கிட்டியது. 2006-இல் டாம் டிலே, குற்ற வழக்கில் சிக்கியிருந்த நிலையில், பூர்வாங்கத் தேர்தலில் வென்றபின் போட்டியினின்றும் விலகி, வர்ஜீனியாவுக்குக் குடிபெயர்ந்தார். அவர் இனித் தகுதியற்றவர், ஆகவே வேறொருவரை நிறுத்துவோம் என்றது குடியரசுக் கட்சி. தேர்தல் நாளன்று அவர் எங்கே குடியிருப்பார் என்பதை இன்றே தீர்மானித்தல் ஆகாது என்று கூறி நியாயஸ்தலங்கள் மறுத்தன. கட்சி, வாக்காளர் தாமே பெயரெழுதி வாக்களிக்கும்படி ஓர் அம்மையாரை நிறுத்தி, அத்தொகுதியை இழந்தது. அவ்வாண்டே புளோரிடாவில் செப்டம்பர் இறுதியில் இழிசெயல் வெளிப்பட்டு விலகிய மார்க் ஃபோலியின் பெயர் சீட்டில் அப்படியே நின்றது. ஃபோலிக்கு இடும் வாக்கு நெக்ரானுக்கு இட்டதாகும் என்ற விநோத ஏற்பாட்டில் தேர்தல் நடந்தது. பழைய மணமகன் பெயர் பொறித்த பத்திரிகையைக் கொண்டே புதிய மணமகனுக்கு விருந்தினரை அழைத்தது போலும் அது! நெக்ரான் தோற்றார்.

இனி 2016-ஆம் ஆண்டுக்கு வருவோம்; நம் அன்பர்கள் மனத்திலிருப்பதும் பெரும்பாலும் அதுவே. டொனால்டு டிரம்ப் பூர்வாங்கத் தேர்தல்களில் ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்குக் குறையாத வாக்குகள் பெற்று வந்தவர். அவரை விரும்பாத பிரதிநிதிகள் சிலர், ஒவ்வொருவரும் மனச்சாட்சிப்படி வாக்களிக்க விடவேண்டும் என்று ஜூலை மாதம் கிளீவ்லாந்து மகாநாட்டில் முயன்றனர்; விதிக் கமிட்டி அதனை முறியடித்தது. பின்னர் அக்டோபர் 7-ஆம் தேதி, 2005-இல் பெண்டிரைப் பற்றி அவர் தகாத முறையிற் பேசிய பேச்சின் பதிவை வாஷிங்டன் போஸ்டு வெளியிட்டது. செனட்டர் மக்கெயின் முதலானோர் ஆதரவைத் திரும்பப் பெற்றனர். அவர் விலகி, உப ஜனாதிபதி அபேட்சகர் பென்ஸ் நிற்கவேண்டும் என்று கட்சித் தலைவர் பலர் வெளிப்படையாகவே கேட்டனர்.

அப்பொழுதுதான் 9-ஆவது விதியை எல்லோரும் புரட்டலாயினர். மரணம், மறுத்தல், "அல்லது பிறவாறு" என்ற அம்மூன்றாம் சொல்லில் தொங்கினர் சிலர். அபேட்சகர் கட்சிக்குத் தகாதவராதலும் "பிறவாறு" என்பதில் அடங்கும் என்பது அவர் வாதம். ஓர் உம்மைக்கு ஒன்பது பொருள் காணும் நம் உரையாசிரியர்களிடம் இதனை விட்டிருந்தால் உடனே தீர்த்திருப்பர்: முன்னர்க் கூறியவற்றுக்கு இனமானதையே பிற என்பது குறிக்கும். மரணமும் மறுத்தலும் இடம் காலியாவதற்குக் காரணம். ஆகவே பிறவும் அத்தகையதாதல் வேண்டும். விருப்பமின்மை அதற்கு இனமன்று. விதி காலியிடத்தை நிரப்பச் சொல்கிறதேயன்றி, இருப்பவரை எழுப்பச் சொல்லவில்லை. கட்சிச் சட்டம் அறிந்தோர் பெரும்பாலாரும் அவ்வாறே கொண்டனர்.

விதியின் பொருள் எதுவாயினும் காலம் கடந்துவிட்டது. கடல் கடந்துள்ள படைவீரர்க்குத் தேர்தலுக்கு 45 நாள் முன்னரே சீட்டு அனுப்புதல் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். பல மாகாணங்களில் முன்கூட்டி வாக்களித்தலும் தொடங்கியிருந்தது. எஞ்சியது, டிரம்புக்கென வென்ற தேர்வாளரே வேறொருவர்க்கு வாக்களிப்பது ஒன்றே. அதற்கும் பல மாகாணச் சட்டங்கள் தடையாயிருந்தன. அத்தடை செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2020 ஜூலையில் ஒருமனதாகத் தீர்த்தது. மாண்ட அபேட்சகர் திறத்தில் மட்டும் தன் தீர்ப்பை நீட்டாமல் விட்டது. டிரம்பு விலகமாட்டேன் என்று உறுதியாகச் சொன்னார். நவம்பர் 8-இல் வென்றார்.

ஈண்டு நம் கருத்தையும் மறையாது சொல்கின்றோம். பழங்காலத்தில் அபேட்சகரைத் தெரிந்தோர் கட்சித் தலைவர் சிலர். தாம் இட்டதைத் தாமே எடுக்க முயல்வதில் ஒருவகை நியாயம் இருந்தது. 1972 முதல் பூர்வாங்கத் தேர்தல்களே முடிவு செய்கின்றன. அந்த மாறுதலை வகுத்த கமிட்டிக்கு முதலில் தலைமை வகித்தவரும் மக்கவர்னே. கோடிக்கணக்கானோர் இட்டதைக் குடியரசுக் கட்சித் தேசியக் கமிட்டியின் 168 பேர் எடுப்பராயின், நன்மையே செய்தாராயினும் அது அக்கோடிக்கணக்கானோர்க்கு இழைக்கும் தீங்கே. ஆனால், வாக்களித்த நாளில் அவர்க்குத் தெரியாதிருந்த பெருங்குற்றமொன்று பின்னர் வெளியாகுமாயின் என்ன செய்வது? தெரிந்தே தெரிந்தெடுத்தார் என்று அவர் தலையிற் சுமத்துவதும் அறமன்று. இம்முடிச்சை அவிழ்க்கும் விதியை இரு கட்சியும் இன்னும் எழுதவில்லை.

2024-இல் ஜனநாயகக் கட்சிக்கும் இச்சோதனை வந்தது. ஜனாதிபதி பைடன் ஜூன் 27-ஆம் தேதி நடந்த விவாதத்தில் தடுமாறியதைக் கண்டோர், முதுமை அவரைத் தளர்த்திவிட்டது என அஞ்சினர். பூர்வாங்கத் தேர்தல்களில் அவர் ஏறக்குறைய எல்லாப் பிரதிநிதிகளையும் வென்றிருந்தார். மகாநாடு முறைப்படி நியமித்தல் மட்டும் எஞ்சியிருந்தது. மூன்று வாரத்துக்கு மேலாகக் கட்சிப் பெரியோர் மறைவிலும் வெளியிலும் வேண்டினர். அதற்குமேல் செய்யத்தக்கது அவர் கையில் ஒன்றுமில்லை. ஜூலை 21-ஆம் தேதி, தெலவேர் மாகாணத்துக் கடற்கரை வீட்டில் நோயுற்றுத் தனித்திருந்த பைடன் ஒரு கடிதம் வெளியிட்டு விலகினார். உடனே பிரதிநிதிகள், சென்னையிற் பிறந்த சியாமளா கோபாலனின் மகளான உப ஜனாதிபதி கமலா ஹாரிஸின் பக்கம் திரும்பினர். ஆகஸ்டுத் தொடக்கத்தில் அவரை நியமித்தும் விட்டனர். எந்த மாகாணத்திலும் சீட்டு அச்சாகியிருக்கவில்லை. எந்த நியாயஸ்தலமும் குறுக்கிட நேரவில்லை. நவம்பர் 5-இல் அவர் பெற்றவை 226 வாக்குகள். மீண்டும் நின்ற டிரம்பு பெற்றவை 312.